பதினேழாம் இலக்கம் கதைத்தது

கொட்டாஞ்சேனை
2025 ஆகஸ்ட் 4

அன்புள்ள தங்கச்சி றஞ்சிதத்துக்கு,

இந்தக் கடிதத்தில் ஐந்து விடயங்கள் உண்டு. நடுவில் நீ கிழித்துப்போடக் கூடும் என்பதால் அவற்றை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. உன் உடம்புக்கு வந்த வருத்தம் எனக்குத் தெரியும். அது எப்படித் தெரிய வந்தது.
2. தெரிந்தும் ஏழு மாதம் நான் ஏன் வாய் திறக்கவில்லை.
3. உன் படங்களைப் பார்ப்பது நான்தான் என்று உனக்குத் தெரியாது. எனக்குள்ள ஒரே ஆறுதல் அது.
4. உன் கடைசிப் படத்தில் உள்ள ஒரு புள்ளி.
5. சவுந்தரநாயகம்.

முதலாவது. எக்ஸ்றே எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் நான் வீட்டில் இருக்கவில்லை. மூன்று வருடமாகக் கிழமையில் இரண்டு நாள், டொக்டர் நதீஷா நடத்தும் ஆய்வொன்றில் வேலை செய்கிறேன். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வந்த நாற்பது பெண்களைப் பற்றிய ஆய்வு. கதிர்வீச்சுள்ள சீனியை மிகக் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி, அவர்களைப் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். உடம்பில் எந்த இடத்துக்குப் பசி அதிகமோ அந்த இடம் அந்தச் சீனியை இழுத்துக்கொண்டு படத்தில் எரியும். புற்றுநோய்க்குப் பசி அதிகம். சீ.டீ. படமும் எம்.ஆர்.ஐ. படமும் இடத்தைக் காட்டும்; பெட் படம் பசியைக் காட்டும். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, எரியும் இடத்தைச் சுற்றிக் கணினியில் எல்லைக்கோடு கீறுவது என் வேலை. சிகிச்சைக்கு முன் ஒரு படம், நடுவில் ஒரு படம், முடிந்து மூன்று மாதத்தில் ஒரு படம். நடுவிலேயே கட்டியின் பசி அடங்கினால் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாளா என்று அறியத்தான் இவ்வளவும்.

எங்களுக்குப் பெயர் தரமாட்டார்கள். இலக்கம் மட்டும்தான். ஜனவரி பதினாறாம் திகதி பதினேழாம் இலக்கத்தைத் திறந்தேன். இடது தொடை எலும்பின் மேல்பக்கத்தில் ஒரு பழைய உலோகத் தகடு. ஐந்து ஆணிகள். மேலிருந்து இரண்டாவது மட்டும் வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது.

1978இல் நீ ஆமர் வீதியில் பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து விழுந்தாய். ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் அந்தத் தகட்டைப் படம் எடுத்தவன் நான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். "அண்ணா, நோகுது" என்று நீ அழுதாய். "அசையாதே, மூச்சைப் பிடி" என்பதைத் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை. சாய்ந்த ஆணியைப் பார்த்த டொக்டர், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, விடுவோம் என்றார். அந்தச் சாய்வை நான் மறக்கவில்லை. ஆனாலும் மூன்று தரம் சரிபார்த்தேன். வயதும் பொருந்தியது.

இரண்டாவது. ஆய்வின் விதி அப்படி. படம் பார்ப்பவன் நோயாளி யார் என்று அறியக்கூடாது. அறிந்தால் அவனுடைய கை கோணும், கோடும் கோணும். ஆய்வு முடியும்வரை படங்கள் கிளினிக்குக்குப் போகாது. நான் விதியை மீறினால் நாற்பது பெண்களும் படுத்தெழும்பியது வீணாகிவிடும். இதற்கு மேல் என்னிடம் நியாயம் இல்லை.

மூன்றாவது. படம் எடுக்கும் இடம் ஒன்று, நான் இருந்து கோடு கீறும் அறை வேறொரு கட்டடத்தில். நான் அங்கே இருப்பது உனக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே அண்ணன் கண்டார், கண்டும் வரவில்லை என்ற எண்ணம் உனக்கு ஏற்பட்டிருக்க முடியாது. நீ என்னை எதிர்பார்த்திருக்கவில்லை. நான் வராதது உன்னை நோகடித்திருக்காது. இதை நினைத்துக்கொண்டுதான் இந்த ஏழு மாதமும் சோறு சாப்பிட்டேன்.

இதோடு சேர்த்து ஒரு சிறு விடயம். ஊசி போட்டபின் ஒரு மணித்தியாலம் கதைக்காமல் இருக்கவேண்டும். கதைத்தால் தொண்டைத் தசைகள் சீனியை இழுத்து, படத்தில் தொண்டை எரியும். உன் இரண்டாவது படத்தில் தொண்டை கொஞ்சம் எரிந்தது. மூன்றாவதில் நன்றாகவே எரிந்தது. படிவத்தில் "நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை" என்று எழுதினேன். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை. சின்ன வயதிலும் பூசை நேரத்தில் உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

நான்காவது. கட்டி முதல் படத்தில் தேசிக்காய் அளவு. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் இல்லை. நான் எழும்பி ஜன்னலடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். பிறகுதான் இடது பக்கம், இடுப்பெலும்பின் உள்ளோரம், கடலை அளவில் ஒன்று எரிவதைக் கண்டேன். சலத்தோடும் அந்தச் சீனி இறங்கும். ஆகவே சிறுநீர்க் குழாயில் தங்கிய ஒரு துளி சலமும் அப்படித்தான் எரியும். நிணநீர்க் கணுவில் மிஞ்சியிருக்கும் நோயும் அப்படித்தான் எரியும். எம்.ஆர்.ஐ. பார்த்துத்தான் பிரித்து அறியவேண்டும். உன் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தத் தகட்டினால் இடது பக்கம் முழுவதும் கறுத்துப்போயிருக்கிறது. உறுதிப்படாததைச் "சலம்" என்று எழுதவேண்டும் என்பது விதி. எழுதினேன்.

பிறகு பெப்ரவரிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில், கொஞ்சம் மங்கலாக, அதே கடலை. ஒரு துளி சலம் நாலு மாதம் ஒரே இடத்தில் நிற்பது அபூர்வம்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. போன கிழமை ஆய்வு நேர்ஸ் ஷெரோமி, பதினேழாம் இலக்கம் ஜூலை கிளினிக்குக்கு வரவில்லை, போனும் எடுப்பதில்லை என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து கிளினிக்குக்குப் போ. இடது பக்கம் நோகிறது என்று சொல்லு. திரும்ப ஒரு படம் கேள். தண்ணீர் நிறையக் குடித்து, சலம் போக மருந்தும் எடுத்து, பிந்தி எடுக்கும் படம். சலமென்றால் போய்விடும். நோயென்றால் நிற்கும்.

என் பெயரைச் சொல்லவேண்டாம்.

ஐந்தாவதைப் பல தரம் எழுதத் தொடங்கினேன். முடியவில்லை.

உன் அண்ணன்
ஸ்ரனிஸ்லாஸ்


வெள்ளவத்தை
8.8.2025

அண்ணா,

கிடைச்சுது. நான் கிழிக்கேல்லை.

ஐஞ்சு விடயம். என்ர உயிர் நாலாவது. மூண்டாவதோட நான் கடிதத்தை மடிச்சு வைச்சிருந்தா என்ன செய்திருப்பீங்கள்? நெருப்புப் பிடிச்ச வீட்டுக்கும் நீங்கள் பொருளடக்கம் போட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவீங்கள்.

ஐஞ்சாவதை உங்களால எழுத முடியாட்டி நான் எழுதுறன், அவர் என்ர மனுசன்தானே. 2013, பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை. இவர் இருமலோட நீங்கள் வேலை செய்த இடத்துக்கு வந்து எக்ஸ்றே எடுத்தவர். எடுத்தது நீங்கள். "என்ன மச்சான், உள்ளுக்கு ஏதும் ஒளிச்சு வைச்சிருக்கிறனோ?" எண்டு பகிடியாக் கேட்டவர். நீங்கள் "டொக்டர் சொல்லுவார்" எண்டனீங்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என்னட்டச் சொன்னார், "மச்சானின்ர முகம் சாதாரணமாத்தான் இருந்தது றஞ்சி, ஒண்டும் இருக்காது" எண்டு. அதை நம்பி ரெண்டு மாசம் அந்த றிப்போட்டை எடுக்கப் போகேல்லை. அவருக்கு உங்கட முகம்தான் றிப்போட்.

நவம்பரில ஆள் போயிட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு, எல்லாரும் சாப்பிடேக்க, கையில சோத்துக் கோப்பையோட நிண்டு எனக்குச் சொன்னீங்கள்: "நான் அண்டைக்கே கண்டனான்." ஏன் அண்ணா அதை அப்பச் சொன்னீங்கள்? சொல்லவேண்டிய நேரம் பூட்டி வைச்சிட்டு, மண்ணுக்குள்ள போனபிறகு எனக்குத் திறந்து காட்டினீங்கள். அண்டைக்குத்தான் நான் உங்களை வெளியில போகச் சொன்னனான்.

இப்ப எனக்குச் சொல்லுறீங்கள், இடது பக்கம் நோகுது எண்டு பொய் சொல்லு, என்ர பேரைச் சொல்லாதை எண்டு. எனக்கு இடது பக்கம் நோகேல்லை. நான் பொய் சொல்ல மாட்டன். கண்டவர் நீங்கள். கண்டவர் சொல்லவேணும். உங்கட பேரில, உங்கட வாயால, அந்த நதீஷாப் பிள்ளைக்கு. அதுவரைக்கும் நான் கிளினிக் வாசல் மிதிக்க மாட்டன். என்ர மகள் சாமினி அழுகிறாள். அழட்டும். "உன்ர மாமாவைக் கேள்" எண்டு சொல்லிப்போட்டன்.

போன் எடுக்காதேங்கோ. போனில நீங்கள் "ம்" எண்டு கொண்டு நிப்பீங்கள். எழுதுங்கோ.

மூண்டாவது விடயத்தைப் பற்றி நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை.

றஞ்சிதம்


கொட்டாஞ்சேனை
2025 ஆகஸ்ட் 13

அன்புள்ள றஞ்சிதம்,

நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. "ஒளிச்சு வைச்சிருக்கிறனோ" என்றுதான் மச்சான் கேட்டார். வலது நுரையீரலின் மேல்பகுதியில், பழைய இரண்டு ரூபாய் நாணயக் குற்றி அளவில் அது இருந்தது.

எங்களுக்குப் படிப்பித்த முதல் நாளே சொன்னார்கள்: படம் எடுப்பவனின் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. நோயாளி உன் முகத்தைத்தான் பார்ப்பான். நீ தவறாக விளங்கிக்கொண்டால் அவனும் தவறாக விளங்கிக்கொள்வான். நல்ல பாடம். அதில் என்னைவிடக் கெட்டிக்காரன் எங்கள் வகுப்பில் இல்லை. அந்த முகம் ஓர் ஆளைக் கொல்லும் என்று எனக்குப் படிப்பிக்கவில்லை. ஆனால் இதையும் ஒரு சாட்டாக எழுதுகிறேனோ என்று ஐயமாக இருக்கிறது.

நேற்று டொக்டர் நதீஷாவிடம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சொல்லவேண்டியதை ஒரு தாளில் ஆறு வரியாக எழுதி, சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவர் போனில் இருந்தார். கையைக் காட்டி "இருங்க அங்கிள்" என்றார். இருந்தேன். முடித்துவிட்டு, "சொல்லுங்க" என்றார். என் மகளாக இருக்கக்கூடிய வயது, நல்ல பிள்ளை, எனக்கு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. பையில் கை வைத்தேன். தாள் இருந்தது.

"பிரிண்டருக்கு மை முடிந்துவிட்டது" என்று சொன்னேன்.

"அதுக்கா அங்கிள் மாடி ஏறி வந்தீங்க? ஷெரோமிக்குச் சொன்னாப் போதுமே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கீழே இறங்கி, பஸ் வரும்வரை நின்று, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்ததில் ஏறினேன்.

நான் இப்படியானவன் என்று உனக்கு எப்போதும் தெரியும். "எப்படிக் கண்டீர்கள், எப்போது கண்டீர்கள், இதுவரை என்ன செய்தீர்கள்" என்று ஒருவர் கேட்பார் என்ற நினைப்பே என் நாக்கைக் கட்டிவிடுகிறது. இன்னொரு பயமும் உண்டு. என்னுடையது எழுபத்துநாலு வயதுக் கண். அது வெறும் சலமாக இருந்தால், உன்னைத் திரும்பவும் பட்டினி போட்டு, ஊசி குத்தி, ஒன்றுமில்லாததற்குப் பயப்படுத்தியவன் ஆவேன்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். உன் உயிரை என் தைரியத்தோடு கட்டாதே. அந்தக் கயிறு உக்கியது. நீ போய்க் கேட்டால் போதும். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் எங்கும் போகமாட்டேன்.

நாளை மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். லூசியாள் கோவிலுக்குப் போவேன். அங்கேயும் இந்த ஆறு வரியைத்தான் வாசிப்பேன் போலிருக்கிறது.

அண்ணன்


வெள்ளவத்தை
18.8.2025

அண்ணா,

பிரிண்டர் மை எண்டதை வாசிச்சு நான் சிரிச்சிட்டன். சாமினி ஓடிவந்து பார்த்தாள். பிறகு ரெண்டு பேரும் அழுதம்.

இப்ப உங்கட மூண்டாவது விடயம்.

போன டிசம்பரில எனக்கு வருத்தம் எண்டு சொன்ன கிழமை, ஷெரோமி ஒரு பத்திரம் கொண்டுவந்து தந்தாள். ஆய்வில சேர விருப்பமோ எண்டு. தமிழில இருந்தது. முதல் வரி: "இப்பத்திரத்தில் பின்வரும் எட்டு விடயங்கள் உள்ளன. அவற்றை வரிசைப்படி இயன்றவரை நிதானமாக வாசிக்கவும்." அண்ணா, வருத்தக்காரிக்கு "இயன்றவரை நிதானமாக" எண்டு எழுதுற ஆள் இந்தக் கொழும்பில ஒராள்தான். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினபோதும் நீங்கள் ஏழு விடயம் சொல்லித்தான் ஏத்தினீங்கள்.

ஷெரோமியைக் கேட்டன், இதைத் தமிழில எழுதினது ஆர் எண்டு. "எங்கட ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள்" எண்டாள். "அவர்தான் அன்டி படமெல்லாம் பார்த்துக் கோடு போடுறவர். அவற்ற கண்ணுக்கு ஒண்டும் தப்பாது" எண்டாள்.

அதுக்குப் பிறகுதான் நான் கையெழுத்து வைச்சனான். விஞ்ஞானத்துக்காக இல்லை. எனக்கு எத்தினையாம் இலக்கம் குடுத்தாலும், அந்தச் சாய்ஞ்ச ஆணியைக் கண்டா நீங்கள் அறிவீங்கள் எண்டு எனக்குத் தெரியும். இந்த முறையாவது கதவைத் தட்டுவீங்கள் எண்டு நினைச்சன்.

முதல் படம் எடுத்து ரெண்டு கிழமை, மணி அடிச்சாச் சாமினியைப் போகவிடாம நானே நொண்டி நொண்டிப் போய்க் கதவு திறந்தனான். காஸ் கொண்டு வாறவன். மேல்வீட்டு ஆள். நீங்கள் இல்லை.

சரி, கண்டிருக்க மாட்டார், கவனம் கலைஞ்சிருக்கும் எண்டு நானே உங்களுக்காகச் சாட்டுச் சொன்னன். கட்டிக்குக் கதிர்க் கரண்ட் பிடிச்சு நாலாம் கிழமை, ரெண்டாம் படம். ஊசி போட்டு அந்தச் சின்ன அறையில விட்டிட்டு ஷெரோமி சொன்னாள், "கதைக்காதீங்கோ அன்டி, கதைச்சாத் தொண்டை படத்தில பத்தும்" எண்டு. முதல் தரமும் சொன்னவள். முதல் தரம் நான் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தனான். ரெண்டாம் தரம் யோசிச்சன். பத்தட்டும். அப்பவாவது நிமிர்ந்து பார்ப்பார் எண்டு.

தனிய இருந்து உங்களோட கதைச்சன், அண்ணா. செபமாலை சொல்லுற மாதிரி மெல்ல. நீங்கள் வரேல்லை.

மூண்டாம் தரம் அந்த மணித்தியாலம் முழுக்கக் கதைச்சன். இவரைப் பற்றி. ஆமர் வீதியில விழுந்ததைப் பற்றி. ஆஸ்பத்திரியில நீங்கள் எனக்குத் தெரியாம வாங்கில இருந்து அழுததை அம்மா சொன்னதைப் பற்றி. உங்களைத் திட்டிப் பேசினன். பேசி முடிய மன்னிச்சன். திரும்பப் பேசினன். ஷெரோமி கதவைத் திறந்து, "அன்டி, வாயை மூடுங்கோ, டொக்டர் எனக்குத்தான் ஏசுவா" எண்டாள். மூடேல்லை.

நீங்கள் அதைக் கண்டிருக்கிறீங்கள். கண்டு, "அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை" எண்டு எழுதி, சிரிச்சிருக்கிறீங்கள்.

அதுக்குப் பிறகு நான் ஏன் கிளினிக்குக்குப் போகவேணும்?

றஞ்சிதம்


ஸ்கேன் நிலையம், வெளி நடை
2025 ஆகஸ்ட் 28, வியாழன்

அன்புள்ள தங்கச்சி,

நீ உள்ளே இருக்கிறாய். எனக்கும் உனக்கும் நடுவில் ஈயம் வைத்த சுவர். சாமினி தேத்தண்ணி வாங்கப் போய்விட்டாள். வாயால் சொல்ல முடியாத ஒன்றை நீ வெளியே வருவதற்குள் எழுதி, உன் கையில் தரவேண்டும்.

உன் கடிதம் இருபதாம் திகதி வந்தது. அன்றே மாடி ஏறினேன். தாள் கொண்டுபோகவில்லை. இன்று காலை உன்னைக் கூட்டிவந்த ஓட்டோவில் நீ என்னோடு ஒரு சொல்லும் கதைக்காததால் அங்கே நடந்ததைச் சொல்ல வாய்க்கவில்லை. "முன்கம்பியைப் பிடியுங்கோ, விழுந்தா உங்களுக்கும் தகடு வைக்கவேண்டி வரும்" என்று மட்டும் சொன்னாய். அதைச் சேர்த்தால் ஒரு வசனம்.

டொக்டர் நதீஷாவிடம், "பதினேழாம் இலக்கம் என் தங்கச்சி" என்று தொடங்கினேன். மற்றதெல்லாம் தானாக வந்தது, ஒழுங்கில்லாமல் வந்தது. அவர் படங்களைத் திறந்தார். பெப்ரவரியையும் ஜூனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார், "அங்கிள், பதினோராம் பக்கம் வாசிக்கவில்லையா?"

ஆய்வு விதிகளின் பதினோராம் பக்கத்தில் ஒரு பந்தி உண்டு. நோயாளிக்கு உடனடியாக உதவக்கூடிய எதையாவது படத்தில் காண்பவர், ஆய்வு முடியும்வரை காத்திராமல், அன்றே பொறுப்பான வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். இலக்கத்தைச் சொன்னால் போதும், பெயர் தேவையில்லை.

"வாசித்தேன்" என்றேன். "நான்தான் தமிழில் எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதமாட்டேன். என் முன்னாலேயே கிளினிக்குக்குப் போன் எடுத்து இன்றைய நாளை வாங்கினார். அதன் பிறகு, "இனி நீங்கள் கோடு கீறவேண்டாம் அங்கிள்" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. நான் கீறிய எல்லாவற்றையும் இன்னொருவர் திரும்பக் கீறுவார். அது சரிதான்.

போகுமுன் ஒரு விண்ணப்பம் கேட்டேன். உன் படிவத்தில் நான் எழுதிய அந்த வரியை அழிக்கலாமா என்று. பதிவில் ஒன்றையும் அழிக்கக்கூடாது. ஒற்றைக்கோடு கீறி, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, திகதியும் முதலெழுத்தும் போடலாம் என்றார். "நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை" என்பதன் மேல் கோடு கீறினேன். பக்கத்தில் தமிழில், "நோயாளி ஒருவரை அழைத்திருக்கிறார்" என்று எழுதினேன். அவர் அதை வாசித்தார். தமிழ் வாசிக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. படிவத்தைக் கோப்பில் வைத்து மூடினார்.

இப்போது இன்றைய விடயம். இன்று எடுத்த முதல் படத்தில் அந்தக் கடலை இருந்தது. மருந்து தந்து, நீ மூன்று தரம் சலம் போய்வந்த பிறகு எடுத்த இரண்டாவது படம் பத்து நிமிடத்துக்கு முன் முடிந்தது. டொக்டர் நதீஷா வெளியே வந்தார். நிற்கிறது. சலமில்லை. இன்னும் ஊசியால் குத்திப் பார்ப்பார்கள், ஆனால் அவருக்குப் பெரிய ஐயமில்லை. அந்த ஒன்றைத் தவிர உடம்பில் வேறெங்கும் ஒன்றும் எரியவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் திரும்பக் கதிர் வைக்கலாமா, அல்லது ஒப்பரேஷனா என்று திங்கட்கிழமை கூடி முடிவெடுப்பார்கள். வாய்ப்பு இருக்கிறது என்றார். நான் ஒன்று கேட்டேன்: "ஜூனிலேயே தெரிந்திருந்தால்?" அவர் தரையைப் பார்த்து, "இன்னும் நல்லாயிருந்திருக்கும்" என்றார். அதை நீயும் தெரிந்திருக்கவேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"வெளியே வந்ததும் நான் சொல்கிறேன்" என்றார். "இல்லை, என் தங்கச்சிக்கு நான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்" என்றேன். ஆகவே இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது, மேலே உள்ளதை என் வாயாலேயே கேட்டிருப்பாய். என் முகத்தில் ஏதாவது தெரிந்தால் தெரியட்டும்.

ஷெரோமி இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். இன்றைய படங்களில் உன் தொண்டை இருட்டாக இருக்கிறதாம். "இண்டைக்கு அன்டி நல்ல பிள்ளையா வாயை மூடிக்கொண்டு கிடந்தவ" என்றாள். நீ ஏன் கதைக்கவில்லை என்று அவளுக்கு நான் விளக்கவில்லை.

என் முதல் கடிதத்தில் ஐந்து விடயங்கள் எழுதினேன். இரண்டாவதாக எழுதியது பிழையல்ல, பொய்; விதி தடுக்கவில்லை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். நான்காவது முதலாவதாக இருந்திருக்கவேண்டும். ஐந்தாவதை நீ எழுதித் தந்தாய்.

ஆனால் மூன்றாவதை நான் உண்மை என்று நம்பித்தான் எழுதினேன். படங்களைப் பார்ப்பது யார் என்று உனக்குத் தெரியாது, நீ என்னை எதிர்பார்த்திருக்கவில்லை, நான் வராதது உன்னை நோகடிக்கவில்லை என்று. நீ மூன்று தரம் அங்கே படுத்திருந்தாய். மூன்று தரமும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே படுத்திருந்தாய். மூன்றாவது விடயம் பிழை.

அண்ணன்